பூசணம் பிடித்த பாட்டில்

வண்டன்மேட்டிலிருந்து போன சனிக்கிழமை ஒரு குடும்பம் கம்பத்துக்கு இறங்கி வந்திருந்தது. அப்பா ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. அம்மா ஸ்டோரில் காய் பொறுக்குகிறார். மகள் நீட் இரண்டு முறை எழுதியும் சீட் எட்டவில்லை. "வெளிநாட்டுக்கு அனுப்பிடலாம்னு மச்சான் ஒத்தக்கால்ல நிக்கிறாரு சார். சின்னமனூர்ல இருக்கிற ஒன்றரை ஏக்கரை வித்தா ஆச்சு" என்றார் அப்பா.

முதலில் நானும் ஆறுதல்தான் சொன்னேன். பாப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டதும் பேச்சு மாறிவிட்டது. "வாழைக்குருத்தை வெட்டி ஹார்லிக்ஸ் பாட்டில்ல சீனித்தண்ணியில போட்டு வெச்சிருந்தா. மூணாம் நாள் பூசணம். தூக்கிப் போட்டுட்டேன்" என்றார் அம்மா. அதுவரை வாய் திறக்காத பெண் சட்டென்று, "தண்ணியைக் கொதிக்க வெச்சுத்தான் சார் ஊத்துனேன். அப்புறம் ஏன் பூசணம் வந்துச்சு?" என்றாள்.

அண்ணே, அந்த நிலத்தை விற்காதீர்கள். வெளிநாட்டில் படித்து வந்தாலும் இங்கே தகுதித் தேர்வில் தேறாமல் வைத்தியம் பார்க்க முடியாது. தேறாவிட்டால் நிலமும் போய், பிள்ளையின் ஆறு வருடமும் போகும். மச்சானுக்கு அதில் ஒரு ரூபாய் நஷ்டமில்லை. செடியின் சிறு துண்டைப் பாட்டிலில் வளர்த்து முழுக் கன்றாக்குவதற்குத் திசு வளர்ப்பு என்று பெயர். பாப்பா கேட்ட கேள்விதான் அந்தத் துறையின் முதல் பாடம்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தது மட்டும் போதாது. பூசண வித்து காற்றிலும் இருக்கிறது, குருத்தின் மேலேயும் ஒட்டியிருக்கிறது. சர்க்கரை கிடைத்தால் செடிக்கு முன்னால் அது வளர்ந்துவிடும். அதனால் ஆய்வுக்கூடத்தில் உணவுக் கலவையை ஆட்டோகிளேவில் 121 டிகிரியில், 15 பவுண்டு அழுத்தத்தில் வேக வைக்கிறார்கள். நம் வீட்டுக் குக்கரின் அண்ணன் அது. ஈட்டி இலைக் கன்றின் மட்டைகளை ஒவ்வொன்றாக உரித்து, கிருமிநாசினியில் கழுவி, வடிகட்டிய காற்று வீசும் லாமினார் மேசையில் வைத்து நுனிக்குருத்தை மட்டும் வெட்டி எடுப்பார்கள். 1962இல் முராஷிகி, ஸ்கூக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் வகுத்த உப்புக் கலவைதான் இன்றைக்கும் அடிப்படை. அதில் லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரையும், கலவையைக் கெட்டியாக்கும் அகாரும் சேரும். சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கி கூடினால் ஒரு குருத்து பல தளிராகும். ஆக்சின் என்ற இன்னொரு ஊக்கியைக் கொடுத்தால் வேர் விடும். சில வாரத்துக்கு ஒரு முறை பிரித்துப் பிரித்து வேறு பாட்டிலுக்கு மாற்ற வேண்டும். அளவுக்கு மீறி மாற்றினால் கன்றுகள் குணம் மாறும். கடைசியில் பசுமைக்குடிலிலும் நிழல்வலையிலும் வைத்துப் பழக்கிய பிறகே தோட்டத்துக்குப் போகும். தேனிப் பக்கம் ஏக்கர் ஏக்கராக நிற்கும் ஜி9 வாழை இப்படி வந்ததுதான்.

கட்டே என்ற வைரஸ் நோய் வந்த ஏலத்தட்டையைப் பிரித்து நட்டால் நோயும் கூடவே போகும் என்பது உங்களுக்கே தெரியும். வாழையின் முடிக்கொத்து நோயும் அப்படித்தான். நோயுள்ள தாய்ச்செடியை எடுத்தால் திசு வளர்ப்பு நோயையும் பெருக்கிவிடும். அதனால் வைரஸ் சோதனை செய்யத் தெரிந்த ஆள் இல்லாமல் நல்ல கூடம் நடக்காது. அந்த ஆளாகத்தான் பாப்பாவை நான் பார்க்கிறேன்.

மருத்துவத்தோடு ஒட்டு வேண்டும் என்றால் விலங்கு செல் வளர்ப்பும் இருக்கிறது. 1907இல் ஹாரிசன் என்ற விஞ்ஞானி தவளையின் நரம்புத் திசுவை உடலுக்கு வெளியே வளர்த்துக் காட்டினார். இன்று குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்களில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தயாராகிறது. கோவாக்சினும் அந்தச் செல்களில் வளர்த்த வைரஸிலிருந்து வந்ததுதான். 37 டிகிரி வெப்பம், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு என்று கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை. செலவும் அதிகம். அதை மேற்படிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போதைக்கு அரசு அல்லது உதவிபெறும் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் போதும். அப்புறம் உயிரித்தொழில்நுட்ப மேற்படிப்புக்கான காட்-பி நுழைவுத் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினால், உதவித்தொகையோடு எம்.எஸ்சி. படிக்க இடமுண்டு. ஆரம்பச் சம்பளம் குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் கடனில்லாமல் தொடங்குகிறாள். கேரளத்தில் சேர்வதா, தமிழ்நாட்டில் சேர்வதா என்பதை இப்போதே முடிவு செய்து இருப்பிட, சாதிச் சான்றிதழ்களைச் சரி பாருங்கள். இரண்டு மாநிலப் பட்டியலும் ஒன்றல்ல. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, இடுக்கி மாவட்டத்து மயிலாடும்பாறையில் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அனுமதி கேட்டு ஒரு நாள் அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

தனியார் கல்லூரியில் பயோடெக் என்று பெரிய போர்டு பார்த்தால், பணம் கட்டும் முன் திசு வளர்ப்பு அறையைக் காட்டச் சொல்லுங்கள். லாமினார் ஓடுகிறதா, அலமாரியில் விளக்குக்குக் கீழே பச்சையாகப் பாட்டில்கள் நிற்கின்றனவா என்று பாப்பாவையே பார்க்கச் சொல்லுங்கள். பூட்டைக் காட்டி, "மேடம் இன்னைக்கு லீவு" என்றால் அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிடுங்கள்.