தம்பிக்கு வாடகை ஜாமீன்: ஒரு வருடத்தோடு பொறுப்பு முடியுமா?

தம்பி நண்பர்களோடு ஒரு வருட ஒப்பந்தத்தில் வீடு எடுக்கிறார், அவர் வாடகை தராவிட்டால் நீங்கள் தருவதாக ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார்கள், அந்தப் பொறுப்பு வருடத்தோடு முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தானாக முடிந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. தம்பியின் ஒரு வருட ஒப்பந்தம் முடிந்தால் உங்கள் ஜாமீனும் முடிந்துவிடும் என்று வீட்டு ஓனர் வாயால் சொன்னது போதாது, முடிவுத் தேதி பத்திரத்திலேயே இருக்க வேண்டும்.

பெரும்பாலும் ஆளை மாட்டிவிடுவது ஒரே ஒரு வரிதான்: "நீட்டிப்பு, புதுப்பித்தல், வாடகை உயர்வு அனைத்துக்கும் இந்த உத்தரவாதம் பொருந்தும்." அது இருந்தால் தம்பி அங்கே குடியிருக்கும்வரை, ஏறிய வாடகைக்கும் சேர்த்து, உங்களைக் கேட்கலாம். வாடகை மட்டும்தான் என்றும் நினைக்காதீர்கள், சுவர், கதவு சேதமும் வழக்குச் செலவும்கூட அதற்குள் வரலாம்.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை:

1. நண்பர்களோடு தங்குகிறார் என்கிறீர்களே, "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு" என்று இருக்கிறதா? இருந்தால் நண்பர் வைக்கும் பாக்கியும் உங்கள் தலையில் விழக்கூடும். தம்பியின் பங்குக்கு மட்டும் என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள், இதில் மட்டும் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள்.

2. அதிகபட்சத் தொகையும் முடிவுத் தேதியும்.

3. ஒரு மாத வாடகை தவறினாலே உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற வரி. தம்பி கூச்சப்பட்டு மறைப்பார், பாக்கி ஏறிய பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் பத்திரத்தை உள்ளூர் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். கையெழுத்துப் போட்டபின் நடுவில் விலக, பொதுவாக ஓனர் சம்மதம் வேண்டும்.