ஒரே தொடை, இரண்டு புள்ளி: எங்கே பிசகுகிறது?

கேள்வி: வெள்ளவத்தையில் தோல் சிகிச்சை நிலையம் நடத்துகிறோம். தொடையிலும் பிட்டத்திலும் உள்ள செல்லுலைட் (தோல் மேடுபள்ளமாகத் தெரிவது) குழிகளுக்குச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் 0 முதல் 4 வரை புள்ளி போடுகிறோம். ஒரே படத்துக்கு ஒருவர் 2 போட, மற்றவர் 3 போடுகிறார். நம்பகமான அளவுகோலை நாங்களே உருவாக்கலாமா?

பதில்: உருவாக்கலாம். ஆனால் அடியிலிருந்து தொடங்கத் தேவையில்லை. 2009இல் ஹெக்செல் குழுவினர் வெளியிட்ட அளவுகோல் ஐந்து அம்சங்களுக்குத் தனித்தனியே 0 முதல் 3 வரை புள்ளி போடுகிறது: குழிகளின் எண்ணிக்கை, ஆழம், மேற்பரப்பின் தோற்றம், தோலின் தளர்ச்சி, செல்லுலைட்டைப் படிநிலைகளாகப் பிரிக்கும் 1978ஆம் ஆண்டு நியூர்ன்பெர்கர்–முல்லர் வகைப்பாடு. மொத்தம் 5 வரை இலேசு, 6–10 நடுத்தரம், 11–15 கடுமை. உங்கள் ஒற்றைப் புள்ளியை இப்படிப் பிரித்துப் பாருங்கள். முரண்பாடு எந்த அம்சத்தில் என்று உடனே தெரியும். பெரும்பாலும் அது ஆழமாகத்தான் இருக்கும். படத்தில் நாம் ஆழம் என்று பார்ப்பது நிழலைத்தானே.

ஆகவே முதலில் வெளிச்சத்தை நிலைப்படுத்துங்கள். யன்னல் திரையை மூடி, ஒரே விளக்கை ஒரே உயரத்தில், பக்கவாட்டுச் சாய்வில் வையுங்கள். பிளாஷ் நேராக அடித்தால் குழி மறைந்துவிடும். கால் வைக்கும் இடத்தையும் கமெராத் தூரத்தையும் தரையில் டேப் ஒட்டிக் குறியுங்கள். பிட்டத் தசை தளர்ந்திருக்க வேண்டும். இறுக்கினால் குழிகள் கூடித் தெரியும். கொழும்புப் புழுக்கத்தில் வியர்வை மினுங்கும், அதுவும் நிழலைக் கெடுக்கும்: துடைத்துவிட்டு எடுங்கள். உள்ளாடைத் தடம் மறையும் வரை காத்திருங்கள். போனின் அழகூட்டும் வசதிகள் அனைத்தையும் நிறுத்துங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு மாதிரிப் படம் வேண்டும். அதுவும் நம்மவரின் மாநிறத் தோலிலேயே இருப்பது நல்லது.

அடுத்தது கணக்கு. 'பத்தில் எட்டு ஒத்துப்போகிறது' என்பதை நம்பாதீர்கள். 50 படங்களில் இருவரும் தலா 40க்கு 2, 10க்கு 3 போட்டு, 40 படங்களில் ஒத்துப்போனார்கள் என்று வையுங்கள். தற்செயலாகவே 68 சதவீதம் ஒத்துப்போகும் (0.8 × 0.8 + 0.2 × 0.2). எனவே கப்பா, அதாவது தற்செயலைக் கழித்த உடன்பாட்டு அளவு, (0.80 − 0.68) ÷ 0.32, அதாவது ஏறத்தாழ 0.38தான். 0.61க்கு மேல் வந்தால்தான் நல்ல உடன்பாடு. இலேசு முதல் கடுமை வரை எல்லாப் படிகளும் கலந்த படங்களை எடுங்கள். 0க்கும் 3க்கும் உள்ள முரண்பாடு 1க்கும் 2க்கும் உள்ளதைவிடப் பெரிது என்பதால், பெரிய முரண்பாட்டை அதிகமாகக் கணக்கிடும் எடையிட்ட கப்பாவைப் பயன்படுத்துங்கள்.

இரண்டு வாரம் கழித்து, வரிசையைக் கலைத்து, அதே படங்களுக்கு அதே ஆட்கள் மறுபடி புள்ளி போட வேண்டும். தன்னோடு தானே ஒத்துப்போகாதவர் முதலில் பயிற்சி பெற வேண்டும். எது 'முன்', எது 'பின்' என்று அவர்களுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் புள்ளி தானாகவே இறங்கும். அப்படி மறைத்த பிறகும் ஒருவரே ஒரு படி தடுமாறினால், ஒரு படி முன்னேற்றத்தைச் சிகிச்சையின் பலன் என்று வாடிக்கையாளரிடம் சொல்வது நியாயமில்லை.

படங்களுக்கு எழுத்துமூலச் சம்மதம் தமிழிலும் சிங்களத்திலும் தனித்தனியே வாங்குங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் வாசித்து வையுங்கள். படங்கள் ஊழியரின் சொந்தப் போனில் ஒரு நாள்கூடக் கிடக்கக்கூடாது.