லெனின்கிராட் கௌபாய்ஸ் கோ அமெரிக்கா: கேட்டவையும் என் பதில்களும்

அதிகம் பேர் பார்த்திராத இந்தப் படத்தைப் பற்றிப் போன வாரம் இரண்டு வரி எழுதினேன். கேள்விகள் வரிசையாக வந்துவிட்டன. என்னைக் கேட்டால் நாள் முழுக்கப் பேசுவேன்.

கதை என்ன? எந்த நாட்டுப் படம்?

பின்லாந்து. 1989இல் அகி கௌரிஸ்மாகி எடுத்தது. மனித நடமாட்டமே இல்லாத ஒரு பனிவெளியில் லெனின்கிராட் கௌபாய்ஸ் என்று ஒரு வாத்தியக் குழு. கொக்கின் அலகு போல நெற்றிக்கு முன்னால் நீளும் முடி, அதே நீளத்துக்குக் கூரான காலணி. வாசித்துக் காட்டுகிறார்கள். கேட்டவர், 'இது இங்கே விலைபோகாது, அமெரிக்காவுக்குப் போங்கள், அங்கே எதையும் ஏற்றுக்கொள்வார்கள்' என்கிற மாதிரி சொல்லி அனுப்பிவிடுகிறார். கிளம்பிவிடுகிறார்கள். நியூயார்க்கில் இன்னொருவர் கேட்டுவிட்டு, மெக்சிகோவில் ஒரு கல்யாணத்தில் வாசியுங்கள் என்கிறார். அவ்வளவுதான். மீதிப் படம் முழுக்கத் தெற்கே போகும் சாலை.

சிரிப்புப் படம் என்றார்கள். படத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லையே?

நல்ல கேள்வி. சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். முதல் காட்சியிலேயே பேஸ் கிடார்க்காரர் இரவெல்லாம் வெளியே பயிற்சி செய்து குளிரில் உறைந்து கிடக்கிறார். அவரைச் சவப்பெட்டியில் வைத்து, முடியும் காலணி நுனியும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கூடவே தூக்கிக்கொண்டு போகிறார்கள். அமெரிக்கா முழுக்கக் கார் கூரையில் அந்தப் பெட்டி. நண்பனை விட்டுவிட்டுப் போகலாமே என்று ஒருவர்கூடச் சொல்வதில்லை. எனக்கு அந்த இடத்தில்தான் படம் பிடித்துப்போனது. ஊருக்கு ஊர் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இவர்கள் கோபப்படுவதில்லை. அந்த ஊருக்கு என்ன பாட்டு வேண்டுமோ அதைக் கற்றுக்கொண்டு மறுநாள் மேடை ஏறுகிறார்கள்.

மேனேஜர் விளாதிமிர் வில்லனா?

சுரண்டல்காரர், சந்தேகமே இல்லை. குழுவில் மற்றவர்கள் பட்டினி கிடக்க, அந்தச் சவப்பெட்டிப் பனிக்கட்டிக்குள் தனக்கு மட்டும் பீர் ஒளித்துவைத்துக் குடிக்கிறார். ஆளுக்கொரு பச்சை வெங்காயம் கொடுத்துச் சாப்பாடு முடிந்தது என்கிறார். பொறுத்துப் பார்த்து ஒரு நாள் அவரைக் கட்டிப்போடுகிறார்கள்; திரையில் 'புரட்சி' என்று அட்டை வருகிறது. ஆனாலும் மத்தி பெல்லோன்பா நடித்திருப்பதைப் பார்த்தால் வெறுக்க முடியாது. அந்த மீசையும் சோர்ந்த கண்களும்! 1995இல், நாற்பத்துச் சொச்சம் வயதிலேயே காலமானார். இன்னும் எனக்கு வருத்தம்தான்.

அமெரிக்க இயக்குநர் ஜிம் ஜார்முஷ் வருகிறாராமே?

ஆமாம், பழைய கார் விற்பவராக. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

இந்தக் குழு நிஜமாகவே இருந்ததா?

ஸ்லீப்பி ஸ்லீப்பர்ஸ் என்ற பின்லாந்து ராக் குழுவிலிருந்து வந்தவர்கள்தான். படத்துக்காகப் போட்ட வேடம் அப்படியே ஒட்டிக்கொண்டது, நிஜக் குழுவாகவே ஊர் ஊராக வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். 1993 ஜூன் 12 அன்று ஹெல்சின்கியின் செனட் சதுக்கத்தில், ரஷ்ய ராணுவத்தின் அலெக்சாந்திரோவ் பாடகர் குழுவோடு சேர்ந்து பாடினார்கள். கூட்டம் சுமார் 70,000 பேர். சோவியத் ஒன்றியம் கலைந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்தப் பக்கத்து நாட்டோடு போர் செய்த தலைமுறை உயிரோடு இருந்த ஊர் அது. சீருடைக்காரர்களும் கொக்கு முடிக்காரர்களும் ஒரே மேடையில் நின்றதை கௌரிஸ்மாகியே படம்பிடித்திருக்கிறார். அதையும் தேடிப் பாருங்கள்.

நேரம் குறைவு. எதைத் தவறவிடக் கூடாது?

மொத்தப் படமே எண்பது நிமிடத்துக்குள்தான், முழுதாகவே பாருங்கள். முக்கியமாக இகோர். முடி வளராததால் குழுவில் சேர்க்கப்படாதவன், இருந்தும் அமெரிக்கா வரை பின்னாலேயே வருகிறான். முடிவு தெரிந்தால் பரவாயில்லை என்பவர்கள் மட்டும் மேலே படியுங்கள்: மெக்சிகோ கல்யாணத்தில் எல்லோரும் வாசித்துக்கொண்டிருக்க, உறைந்தவரின் வாயில் டக்கீலா என்ற மெக்சிகோ மதுவை ஊற்றி எழுப்புவது அவன்தான். எழுந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் தன் கிடாரோடு போய் நண்பர்களோடு நின்று வாசிக்கத் தொடங்குகிறார்.