வகுப்பில் காமாலை: தடுப்பூசி போடலாமா?

கேள்வி: மகள் வகுப்பில் இரண்டு பேருக்கு ஹெபடைடிஸ் ஏ காமாலை. பள்ளிப் பிள்ளைகளிடம் இது அவ்வளவு சகஜமா?

பதில்: சகஜம்தான், வெளியே தெரிவதைவிட அதிகம். சுகாதார வசதி குறைந்த நாடுகளில் 10 வயதுக்குள் 90 சதவீதப் பிள்ளைகளுக்கு இந்த வைரஸ் தொற்றிவிடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் 6 வயதுக்குக் கீழே பெரும்பாலும் கண் மஞ்சளாவதே இல்லை, லேசான காய்ச்சல், சாப்பிட மாட்டேன் என்று அடம், அத்தோடு போய்விடுவதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. கண் மஞ்சளாவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே மலத்தில் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடும். பரவுவது பெரும்பாலும் அப்போதே நடந்துவிடுகிறது, அதனால் குணமாகித் திரும்பும் பிள்ளையைத் தயவுசெய்து தனியே உட்கார வைக்காதீர்கள், பாவம். பள்ளிக் கழிப்பறைக் குழாயடியில் சோப்பு இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள், அதுதான் முக்கியம். அப்புறம் தடுப்பூசி: தொற்று நேர்ந்த 2 வாரத்துக்குள் போட்டாலும் பலன் உண்டு, இன்றே டாக்டரிடம் கேளுங்கள்.