அரை கிலோ சாமையை ஆன்லைனில் விற்றுக் கட்டுபடியாகுமா?

கேள்வி: பென்னாகரம் பக்கம் வீட்டிலேயே சாமை அரிசி, ராகி மாவு, இட்லிப் பொடி பொட்டலம் போட்டு ஆன்லைன் தளத்தில் விற்கிறேன். ஆர்டர் வருகிறது, பெங்களூரிலிருந்துதான் அதிகம். ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. அரை கிலோ சாமையை 140 ரூபாய்க்கு விற்றால் வங்கியில் 66 ரூபாய்தான் ஏறுகிறது. அடக்கமே 58 ஆகிவிடுகிறது. இதை விட்டுவிட்டுப் பழையபடி சந்தைக்கே போகலாமா? ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்தால் மிச்சமாகுமா? தம்பி பர்கூரில் நைட்டி எடுத்து ஆன்லைனில் விற்கலாம் என்கிறான். அது சரிவருமா?

பதில்: விட வேண்டியதில்லை, சகோதரி. ஆனால் அரை கிலோ சாமையை ஒற்றைப் பொட்டலமாக அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள்.

நீங்கள் அனுப்பிய ஒரு ஆர்டரின் கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். கமிஷன் பூஜ்யம். 300 ரூபாய்க்குக் கீழே உள்ள பெரும்பாலான பொருளுக்கு அமேசான் 2025 ஏப்ரலிலேயே கமிஷனை எடுத்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஃப்ளிப்கார்ட் 1000 ரூபாய்க்குக் கீழே உள்ளவற்றுக்கு எடுத்தது. மீஷோவில் 2021 முதலே கமிஷன் கிடையாது. ஆனால் கமிஷன் போனாலும் அனுப்பும் கூலி போகவில்லை. உங்கள் தாளில் கூலியும் மற்ற கட்டணமும் சேர்த்து 62 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 11 ரூபாய் 16 காசு. அப்புறம் டிசிஎஸ், அதாவது விற்ற பணத்திலிருந்து தளமே பிடித்துக் கட்டும் வரி, 67 காசு. இதில் ஜிஎஸ்டியை நீங்கள் சாமைக்குக் கட்டும் 5 சதவீத வரியில் கழித்துக்கொள்ளலாம். டிசிஎஸ் உங்கள் ஜிஎஸ்டி கணக்கில்தான் போய்ச் சேர்கிறது, அதை மாதாமாதம் ஜிஎஸ்டி இணையதளத்துக்குள் போய் ஏற்றுக்கொள்ள வேண்டும். பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆக, உங்கள் பணத்தைத் தின்பது வரி இல்லை, அந்த 62 ரூபாய்தான்.

அது ஏன் 62? பொட்டலத்தைத் தராசில் வைத்துப் பாருங்கள். சாமை 500 கிராம், பிளாஸ்டிக் பை, மேல் கவர், லேபிள் எல்லாம் சேர்ந்து 540 கிராம் காட்டும். கூரியர் கணக்கில் 500 கிராமுக்கு ஒரு ஸ்லாப், அதாவது ஒரு கட்டணப் படி. அதைத் தாண்டி ஒரு கிராம் கூடினாலும் ஒரு கிலோ கட்டணம். அதாவது 40 கிராம் கவருக்காக, அனுப்பாத அரை கிலோவுக்கும் சேர்த்துக் கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த ஒரு கிலோவை முழுசாகப் பயன்படுத்துங்கள். 450 கிராம் பொட்டலம் இரண்டு, ஒரே கவரில். மொத்தம் 960 கிராமுக்குள் அடங்கும். விலை 240 வையுங்கள். கூலி அதே 62 என்றால், வரி போக வங்கியில் 165 ரூபாய் சொச்சம் ஏறும். அடக்கம் 104 போனால் 61 ரூபாய் நிற்கிறது. இப்போது நிற்பது 8 ரூபாய். வாங்குகிறவருக்கும் கிலோ 280 ஆக இருந்தது 267 ஆகக் குறைகிறது. அரை கிலோ, ஒரு கிலோ என்று குறிப்பிட்ட அளவில்தான் அடைக்க வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு இப்போது இல்லை. எம்ஆர்பியோடு ஒரு கிராமின் விலையையும் அச்சிட்டுவிட்டால் போதும்.

இட்லிப் பொடி உங்களிடம் இருக்கும் நல்ல சரக்கு. கனம் குறைவு, கிலோ விலை அதிகம், கூலியைத் தாங்கும். ஆனால் 200 கிராம் பொடியை பாட்டிலில் போட்டு அட்டைப் பெட்டியில் வைக்கிறீர்கள். பெட்டிக்கு எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதையும் எடையாக எடுத்து, எது கூடுதலோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். 20, 15, 12 செ.மீ. பெட்டி என்றால் 720 கிராம் கணக்கு! ஜிப் பைக்கு மாறுங்கள், முதல் ஸ்லாப்பிலேயே நின்றுவிடும். ஒவ்வொரு பொட்டலத்தையும் தராசில் வைத்து, எண் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிடங்கில் எடையைக் கூட்டிப் போட்டுவிட்டால் புகார் செய்ய அந்தப் படம்தான் சாட்சி.

ராகி மாவை ஆன்லைனில் இருந்து எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. கனம் அதிகம், விலை குறைவு, பெரிய கம்பெனிகளோடு போட்டி. அதற்குச் சந்தையும் உள்ளூர் கடைகளுமே சரி.

திரும்பி வரும் பொட்டலம் இன்னொரு ஓட்டை. பணம் வாங்கிக்கொண்டு பொருள் கொடுக்கும் ஆர்டரில் ஆள் கதவைத் திறக்கவில்லை என்றால் சரக்கு உங்களிடமே வரும். போய்வந்த உணவுப் பொட்டலத்தை மறுபடி விற்க முடியாது, விற்கவும் கூடாது. இன்றைய கணக்கில் ஒன்று திரும்பினால் ஏழு ஆர்டரில் மிஞ்சியது போச்சு. தளம் இடம் கொடுத்தால் முன்பணம் கட்டுபவருக்குச் சின்னத் தள்ளுபடி கொடுங்கள். பழைய சரக்கையும் அனுப்பாதீர்கள். பொருள் கைக்குப் போகும்போது அதன் ஆயுளில் 30 சதவீதமோ, காலாவதிக்கு 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் ஆன்லைன் தளங்களுக்குச் சொல்லியிருக்கிறது.

ஜிஎஸ்டியை ரத்து செய்யாதீர்கள். 2023 அக்டோபர் முதல், ஆண்டுக்கு 40 லட்சத்துக்குள் விற்பவர் பதிவு இல்லாமலே, ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கித் தளத்தில் விற்கலாம் என்பது உண்மை. ஆனால் அது தமிழ்நாட்டுக்குள் மட்டும். நம் பக்கத்துக்குச் சென்னையைவிட பெங்களூர்தான் கிட்டம், ராகியும் சாமையும் விரும்பிச் சாப்பிடும் ஊரும் அதுதான். ஓசூரைத் தாண்டினால் வெளிமாநிலம். தளம் இல்லாமல் நேரடியாக அனுப்பினாலும் பதிவு வேண்டும்.

இந்த நேரடி விற்பனைக்காகத்தான் தளத்தை விட வேண்டாம் என்கிறேன். பெங்களூரில் ஒரு புது ஆள் உங்கள் சாமையைக் கண்டுபிடிக்க வேறு சுலபமான வழி இல்லை. அவர் இரண்டாம் முறை உங்களிடமே கேட்டால், ஐந்து கிலோவாக லாரி பார்சலில் அனுப்பும்போது கிலோவுக்கு விழும் கூலி வெகுவாகக் குறையும். அதற்காகப் பொட்டலத்துக்குள் துண்டுச்சீட்டு வைக்காதீர்கள். தளங்களின் விதி அதைத் தடுக்கிறது, கணக்கையே முடக்கிவிடுவார்கள். தேவையும் இல்லை. தயாரிப்பவர் பெயர், முகவரி, புகாருக்கான தொலைபேசி எண் லேபிளில் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். உங்கள் லேபிளில் அந்த எண் கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கிறது. படிக்கிற மாதிரி பெரிதாக அச்சிடுங்கள்.

தம்பி விஷயம். பர்கூரில் மொத்த விலை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் துணியில் அளவு சரியில்லை, நிறம் வேறு என்று திருப்புவது அதிகம், போகவர கூலி தலையில் விழலாம். ஒரே அளவில் எல்லோருக்கும் பொருந்தும் துண்டு, தலையணை உறை, உள்பாவாடைத் துணி என்று ஆரம்பிக்கச் சொல்லுங்கள். முதல் மாதம் கடனுக்குச் சரக்கு எடுக்க வேண்டாம். விற்ற பணம் வந்து சேரவே சில நாள் பிடிக்கும், திருப்பல் கணக்கு அதற்கும் பிறகுதான் தெரியும்.