மேஜிக் நம்பர்: 2 வர வேண்டிய இடத்தில் 1 ஏன்?

பேஸ்பாலில் மேஜிக் நம்பர் என்பது, தன் பிரிவில் முதலிடத்தில் இருக்கும் அணி அந்த இடத்தை உறுதிசெய்ய இன்னும் எவ்வளவு தூரம் என்று சொல்லும் எண்; அந்த அணி வென்றாலும், இரண்டாமிட அணி தோற்றாலும் ஒன்று குறையும். உங்கள் கணக்கு தப்பில்லை. 163இலிருந்து முதலிட அணியின் வெற்றிகளையும் இரண்டாமிட அணியின் தோல்விகளையும் கழித்தால் 2 வருகிறது, பட்டியலில் 1 என்று இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த 163 எப்படி வந்தது? சீசனுக்கு 162 ஆட்டம், சமநிலையைத் தாண்ட இன்னும் ஒன்று. ஆனால் 2022 முதல் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் சமநிலையைத் தீர்க்கத் தனி ஆட்டம் கிடையாது. நேருக்கு நேர் மோதியதில் அதிகம் வென்ற அணிக்கே முதலிடம். அந்த முன்னிலை உறுதியாகிவிட்டால் சமன் செய்தாலே போதும், 163க்குப் பதில் 162 போட்டுக் கணக்கிடுங்கள்.

அந்த வருடமே அழகான உதாரணம் கிடைத்தது. செப்டம்பர் 30 முதல் அக்டோபர் 2 வரை அட்லாண்டா பிரேவ்ஸ், நியூயார்க் மெட்ஸை மூன்று ஆட்டங்களிலும் வீழ்த்தியது. இப்படி நேரடியாக மோதும்போது ஒரே ஆட்டத்தில் எண் இரண்டு குறையும்: இவர்களுக்கு ஒரு வெற்றி, அவர்களுக்கு ஒரு தோல்வி. அந்த மூன்று ஆட்டங்களும் முடிந்தபோது பிரேவ்ஸுக்கு 100 வெற்றி, மெட்ஸுக்கு 61 தோல்வி. பழைய கணக்கில் 2; நேரடி மோதலில் பிரேவ்ஸ் 10-9 என்று முந்தியதால் 1. கடைசியில் இரு அணிகளுக்கும் 101 வெற்றி, 61 தோல்வி. பிரிவுப் பட்டம் பிரேவ்ஸுக்கு! மெட்ஸ் ரசிகர்களை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

சரி, நேரடி மோதலில் யார் முன்னிலை என்பது முடிவாகாதவரை நீங்கள் 163ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.