செப்புக் குடமும் பேரனின் பாலும்

அன்புள்ள ஐயா,

பரணில் கிடந்த என் மாமியாரின் செப்புக் குடத்தை இறக்கி, புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு லிட்டர் பிடிக்கும். ராத்திரி எட்டு மணிக்குத் தண்ணீர் ஊற்றி வைத்து, காலை ஆறு மணியிலிருந்து குடிக்கிறோம். கிருமி சாகும் என்கிறார்கள்; நரை கறுக்கும், தைராய்டு போகும் என்றும் வாட்ஸப்பில் வருகிறது. எவ்வளவு உண்மை? எட்டு மாதப் பேரனுக்குப் பால் கரைக்கவும் இதையே எடுக்கலாமா?

ஒரு வாசகி, திருவிடைமருதூர்

அன்புள்ள அம்மா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பேரனுக்கு வேண்டாம். பாலுக்கும் வேண்டாம், பால் கரைக்கும் தண்ணீருக்கும் வேண்டாம்.

நம் நாட்டில் கைக்குழந்தைகளைக் கொன்ற ஈரல் நோய் ஒன்று இருந்தது. ஈரலில் செம்பு அளவுக்கு மீறிச் சேர்ந்து, ஈரல் கெட்டித்துப் போகும். 1980களில் புணேயில் ஆராய்ந்த மருத்துவர்கள் அதைப் பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சிய பாலோடு இணைத்தார்கள். பித்தளையில் பெரும்பங்கு செம்புதானே. பாலில் உள்ள புரதம் பாத்திரச் சுவரிலிருந்து செம்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வெறும் தண்ணீர் அப்படி இழுக்காது. உடம்பில் மிஞ்சும் செம்பு பித்தநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும், பச்சைக் குழந்தைக்கு அந்த வழி இன்னும் சரியாகத் திறந்திருக்காது. வீடுகளில் எவர்சில்வர் வந்து பித்தளை ஒதுங்கிய பிறகு அந்த நோயும் அரிதாகிவிட்டது. பேரனுக்குக் கொதிக்கவைத்த தண்ணீர், எவர்சில்வர் பாத்திரம், அதுவே போதும்.

இனி உங்களுக்கான தண்ணீர். கிருமி சாகும் என்பது உண்மை. 2012இல் பெங்களூரு ஆய்வாளர்கள் காலரா, வயிற்றுப்போக்குக் கிருமிகளைத் தண்ணீரில் கலந்து செப்புப் பானையில் வைத்தார்கள். 16 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது ஒன்றையும் வளர்க்க முடியவில்லை. தண்ணீரில் கரைந்த செம்பு லிட்டருக்கு 0.18 மில்லிகிராம் அளவுதான். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை 2 மில்லிகிராம். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளிச் செம்பு கிருமியின் மேலுறையைக் கிழித்து உள்ளே போய்விடுகிறது. நரைக்கும் தைராய்டுக்கும் இந்தச் சோதனையில் இடமே இல்லை.

உங்கள் கணக்கில் பிசகு நேரத்தில்தான். ராத்திரி எட்டிலிருந்து காலை ஆறு வரை பத்து மணி நேரம். மதியம் இரண்டு மணிக்கே நிரப்பிவிடுங்கள், மறுநாள் காலை ஆறுக்கு 16 ஆகிவிடும். இன்னொன்று, குடம் பெரிது. செம்பு கரைவது சுவரிலிருந்து. ஒன்றரை லிட்டர் சொம்பையும் அதே வடிவத்தில் எட்டு மடங்கு பெரிய உங்கள் குடத்தையும் ஒப்பிட்டால், குடத்தில் ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் சுவர் பாதிதான். இரண்டு சொம்பு வாங்கி மாற்றி மாற்றி நிரப்புவதையே நான் சொல்வேன்.

குடத்தின் உட்புறத்தைப் பகலில் வெளிச்சம் விழும்படி சாய்த்துப் பாருங்கள். வெள்ளையாக மினுங்கினால் வெள்ளீயம் பூசியது. தண்ணீர் செம்பைத் தொடவே தொடாது, பலனும் இல்லை. பழைய குடத்தின் அடியிலும் இடுப்பிலும் பற்றவைத்த இணைப்பு இருக்கும். அது சாம்பல் நிறமாக, நகத்தால் கீறினால் கோடு விழும் அளவுக்கு மென்மையாக இருந்தால், காரீயம் என்ற நச்சு உலோகம் கலந்த பற்று என்று சந்தேகித்து அந்தக் குடத்தைப் பூஜைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்து ஈயச்சொம்பு வேறு, அது வெள்ளீயம், ரசத்துக்கானது.

ரசம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஈயம் பூசாத செம்பில் எலுமிச்சைச் சாறு, மோர், புளித்தண்ணீர் எதையும் ஊற்றக் கூடாது. நீங்கள் துலக்கும்போது புளி எப்படிக் களிம்பைக் கரைக்கிறதோ, அதே வேலையை உள்ளே சுவரிலும் செய்யும். குமட்டல், வயிற்றுவலி, வாந்தி வரும். துலக்கிய அன்று மூன்று முறை அலசி, முதல் குடம் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். பச்சைக் களிம்பு தெரிந்தாலே அன்று குடிக்க வேண்டாம்.

ஆடியில் புதுவெள்ளம் வரும்போது ஆற்றுத்தண்ணீர் செக்கச்செவேலென்று இருக்கும். கலங்கல் தண்ணீரில் வண்டலும் மட்கிய குப்பையும் செம்பைப் பிடித்துக்கொள்ளும், கிருமிக்கு மிச்சம் போகாது. தேற்றாங்கொட்டையை மண்பானையின் உள்ளே இழைத்துத் தெளியவைத்து, இறுத்து, ஒரு நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறிய பிறகு சொம்பில் ஊற்றுங்கள். மஞ்சள்காமாலை பரவும் நாட்களில் கொதிக்கவைப்பதை விடவே கூடாது. கொதித்த தண்ணீரில் பிறகு கைபட்டு, டம்ளர் பட்டு ஏறும் கிருமியைச் செம்பு பார்த்துக்கொள்ளும். வேதாரண்யம் பக்கம் உறவினர் இருந்தால் ஒன்று சொல்லுங்கள்: நிலத்தடி நீரின் உப்பைச் செம்பு துளியும் எடுக்காது.

வீட்டில் யாருக்காவது வில்சன் நோய், அதாவது செம்பு வெளியேறாமல் உடம்பிலேயே சேரும் பரம்பரை நோய், என்று மருத்துவர் சொல்லியிருந்தால், அவருக்குத் தனியாக எவர்சில்வர் குடம் வையுங்கள்.